ஒட்டுப்பாலும் கண் இமையும்

1. பிடுங்கிய கை

செல்வராணி எங்கள் கண் கிளினிக்குக்கு வந்தபோது இரண்டு இமைகளும் புண்ணாகிக் கிடந்தன. புளத்கொகுபிட்டிய பக்கத் தோட்டமொன்றில் றப்பர் மரப் பட்டையில் கத்தியால் கோடு வெட்டிப் பால் எடுப்பவர்.

"காலைல வெட்டுக்கோடு மங்கலா தெரியுது மிஸ். ஆழமா வெட்டி மரத்துல காயம் போட்டுட்டேன். இன்னொரு மரம் கெட்டா புல்லு வெட்டத்தான் அனுப்புவேன்னு பீல்ட் ஐயா சொல்லிட்டாரு. கத்திய விட்டுட்டு எனக்கு வேற என்ன தெரியும்?"

டொக்டர் நன்றாகப் பரிசோதித்தார். பார்வையில் குறையில்லை, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள்தான் அடைத்திருந்தன. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் காப்பது அந்த எண்ணெய். அது கெட்டியானால் எரிச்சல், மங்கல், சிலருக்கு இமையில் கட்டியும் வரும்.

"புண் எப்படி வந்திச்சு?" என்று கேட்டேன்.

"இமையில காஞ்ச பொருக்க நகத்தால இழுத்தேன். நேத்தைய ஒட்டுப்பால இழுத்துப் போடாம இன்னிக்கு மரத்துல பால் ஓடுமா மிஸ்?"

வெட்டுக்கோட்டில் உறைந்து கிடக்கும் றப்பர்தான் ஒட்டுப்பால். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடைப்பை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரி, எடுத்த விதம்தான் தப்பு.

புண்ணுக்கு டொக்டர் மருந்து எழுதினார். மற்றதைத் தாதியான நான் செய்து காட்டினேன். கையைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்து, மூடிய இமைமேல் சில நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாகத் தடவி, ஓரத்தைத் துடைக்க வேண்டும். கட்டி வந்தால் பிதுக்கவே கூடாது.

2. சிமிட்டாத கண்

"வெட்டும்போது கண்ண சிமிட்டுவீங்களா?"

"கத்தி ஓடுறப்போ எப்பிடி மிஸ்? மூச்சையே புடிச்சிக்கிட்டுத்தான் வெட்டுறோம்."

சிமிட்டும்போதுதான் அந்த எண்ணெய் வெளியே வருகிறது. அதையும் சொல்லி, இடையிடையே சிமிட்டச் சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கண் கொஞ்சம் தெளிந்ததும் துணியைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்த கிளினிக் நாளில் அவர் வந்தபோது இமைகள் அத்தனை சுத்தமாக இருந்தன. விடியற்காலை தேத்தண்ணிக்கு வைக்கும் வெந்நீரில் கொஞ்சம் எடுத்து, சூடு ஆற்றித் துணியை நனைத்துவிடுவாராம்.

"பீல்ட் ஐயா மரம் மரமா பாத்தாரு. புதுக்காயம் இல்ல. கத்தி என் கையிலயேதான் இருக்கு மிஸ்!"

"சிமிட்ட ஞாபகம் இருக்கா?"

"ஒரு மரம் முடிஞ்சி மத்த மரத்துக்கு நடக்கிறப்போ நல்லா மூடி மூடித் தொறப்பேன். அடுத்தடுத்து மரம் வந்துக்கிட்டேதானே இருக்கும், எங்க மறக்கிறது?"

அசந்துபோனேன். மரத்தையே ஞாபகக்குறியாக்கும் இப்படியொரு வழி எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது நாள் முழுக்கக் கம்பியூட்டர் பார்க்கும் பிள்ளைகள் அதே எரிச்சலோடு வருகிறார்கள். சிமிட்டச் சொன்னால், "மறந்துபோகுது மிஸ்" என்கிறார்கள். செல்வராணியின் கதையைச் சொல்லிவிட்டு அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்:

"சரி, உங்க மரம் எது?"