எட்டாவது வீட்டு ஜன்னல்

"உங்க வீடு ரொம்பப் பழசுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அந்த வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக் குடிக்கிற பிழைப்பு என்னுடையது. வீடு வீடாகக் கதவு தட்டுகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு நான் பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கப் போனது அம்பத்தூரில் ஒரு தெரு. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் கட்டிய பதினைந்து வீடுகள். எட்டு வீடாவது பழைய முகப்போடு இருந்தால் தெருவே பாரம்பரியப் பட்டியலில் ஏறும். அப்புறம் அனுமதி இல்லாமல் எதையும் இடிக்க முடியாது. கடைசி வீட்டு வசந்தாக்காவுக்கு அதுதான் வேண்டும். அவர் தம்பியோ ஃப்ளாட் கட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார்

முதல் வீட்டில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. அப்படியே எழுதினேன். எட்டிப் பார்த்த வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்கம்மா. கல்யாணம் முடியட்டும், அப்பால எவ்ளோ பழசுன்னு வேணா எழுதிக்கோ!"

விசிறிக் கம்பி

ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தெரு நடுவில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார். ஜன்னல் கம்பி விசிறி மாதிரி விரிகிற அழகை விளக்கி, இந்த வேலைப்பாடு இனி கிடைக்காது என்றேன். மனிதர் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா சொல்ற? இத்தினி வருசமா அதுலதான் லுங்கி காயப் போட்டுகினு கீறேன்!"

ஆபீசர் வருகிறார்

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் முதல் வீட்டையும் சேர்த்து ஏழு தேறிவிட்டது; வேறு ஏழு ஏற்கெனவே மாறிப்போனவை. எட்டாவது, வசந்தாக்கா வீடு. தேக்கு ஜன்னல், அதன் மேல் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. வெளியிலிருந்தே பார்த்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை போன் செய்து, "திங்கக்கெழம ஆபீசர் வராருக்கா, அவர் பாத்துட்டா முடிஞ்சிது" என்றேன். அதோடு வைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

திங்கட்கிழமை போனால், தேக்கு இருந்த இடத்தில் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். முகப்பு முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். பூசின சிமெண்ட் இன்னும் காயவில்லை. பழைய ஜன்னலையும் கண்ணாடியையும் பழைய சாமான்காரன் முந்தின நாளே ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஆபீசர் 'மாற்றப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

மிக்சர் தட்டோடு வந்த வசந்தாக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், இல்லை என்று. அவர் தட்டைக் கீழே வைத்தார். "ஊட்டுக்கு ஆபீசர் வராரு, கரையான் புடிச்ச ஜன்னலயாடி காட்டுவாங்க?"

கேட்டில் சாய்ந்து நின்ற தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாக்கா, நான் இடிக்கலாம்னு சொன்னா சண்டைக்கி வந்த, இப்ப நீயே ஆரம்பிச்சிட்டியே!"

தெரு ஏழோடு நின்றுபோனது. இப்போதெல்லாம் கதவு திறந்ததும் பெயரைக்கூடக் கேட்காமல், "யார் வந்தாலும் தூசிகூடத் தட்டாதீங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன்.