அண்ணியின் நோ தேங்க்யூ

ஊசியும் நூலும் என் அண்ணி சொன்ன பேச்சைக் கேட்கும். அவருக்குப் பிடிகொடுக்காதது இங்கிலீஷ் ஒன்றுதான்.

நான் கவுண்டரில் நிற்கும் ஆல்டரேஷன் கடையில் அவரைத் தையலுக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம். அண்ணன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. அண்ணியின் மெஷின் ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலைமை.

முதல் வாரமே வம்பு. வெள்ளைக்கார முதலாளியம்மா ஒரு பேண்ட்டின் மடிப்புத் தையலைக் காட்டி, "யூ மைட் வான்ட் டு லுக் அட் திஸ் அகெய்ன்" என்றார். அண்ணி சிரித்த முகமாக "நோ தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்துக்கொண்டார். அந்தம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் கவுண்டரை விட்டு அண்ணியிடம் ஓடினேன்.

"அண்ணி, அது உத்தரவு! பிரிச்சுத் தைங்கன்னு சொல்றாங்க."

"பிரிச்சுத் தைன்னா தைக்கப்போறேன். அதுக்கு எதுக்கும்மா ஊரச் சுத்தி வரணும்?"

நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் பாடம் நடந்தது. 'இஃப் யூ டோன்ட் மைண்ட்' என்றால் மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். 'வென் யூ ஹேவ் அ மினிட்' என்றால் இப்போதே எழுந்து வர வேண்டும். 'இன்ட்ரஸ்டிங்' என்றால் பிடிக்கவில்லை. அண்ணிக்குக் கற்பூர புத்தி, கப்பென்று பிடித்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேன். நம் வீடுகளில் யாராவது "சாப்பிடுறீங்களா?" என்றால் முதலில் "வேண்டாம்" என்போம். கேட்டவர் விடமாட்டார். மூன்றாவது தடவை இலையோ தட்டோ தானாக முன்னால் வந்துவிடும். அந்தக் கடைக்காரர்கள் ஒரே தடவைதான் கேட்பார்கள். எனக்குப் பழகிப்போயிருந்ததால் சொல்லவே தோன்றவில்லை, மரமண்டை.

மூன்று மாதம் முடிந்த அன்று முதலாளியம்மா அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் பஸ்ஸில் அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"'வுட் யூ லைக் டு ஸ்டே வித் அஸ்?'னு கேட்டாங்க."

"அப்பாடா! என்ன சொன்னீங்க?"

"உடனே சரின்னா பறக்காவெட்டின்னு நெனைக்க மாட்டாங்களா? 'நோ நோ, இட்ஸ் ஓகே'ன்னேன். நாளைக்கு மறுபடி கேப்பாங்க."

"குடியைக் கெடுத்தீங்களே அண்ணி!" நான் போட்ட சத்தத்தில் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. "அவங்க மறுபடி கேக்க மாட்டாங்க! இந்நேரம் வேற ஆள் தேட ஆரம்பிச்சிருப்பாங்க!"

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை வழி நெடுக, நாசூக்காக நாலு வாக்கியம் உருப்போட வைத்தேன். கடைக்குள் நுழைந்தால், முதலாளியம்மா போனில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணி நேரே போய் அவர் எதிரில் நின்றார். உருப்போட்டதெல்லாம் பறந்துவிட்டது.

"ஐ வான்ட் திஸ் ஜாப்," என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. "யெஸ்டர்டே நோ, ராங். ஐ வான்ட். வெரி வெரி வான்ட்!"

ஒரு ப்ளீஸ் கிடையாது, ஒரு சாரி கிடையாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலாளியம்மா போனை வைத்தார். உனக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்தேன் என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை எடுத்து நீட்டினார்.

அன்று வீட்டில் இதையெல்லாம் நடித்துக் காட்டினேன். இடுப்பில் கைவைத்து "ஐ வான்ட்!" என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அண்ணியும்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணி உள்ளே போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பதினேழு வருஷத்துல எங்கிட்ட அவ எதையும் வேணும்னு சொன்னதில்ல. துணி எடுக்கப் போனாலும் சரி, எங்கயாவது போய் வரலாமான்னாலும் சரி, எனக்கு வேணாங்கன்னுடுவா. நானும் சரின்னு விட்டுடுவேன். ஒரு தடவைக்கு மேல நான் கேட்டதே இல்ல."