டோரீன் வீட்டு உலைக்குள் சிவப்புக் கம்பி

அமெரிக்காவின் டுலூத் நகரில் வீடுகளைச் சூடேற்றும் உலைகளைப் பழுதுபார்க்கும் ஆர்வில் ஹாகனுக்கு, தன்னைத் தவிர எல்லா மெக்கானிக்கும் அரைகுறை. ஜனவரியில் ஒருநாள், தீய்ந்த வாடை வருகிறதென்று எழுபது வயது டோரீன் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், விசிறி நின்றுபோயும் உலை அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆர்வில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சூடு மிஞ்சினால் நெருப்பை அணைக்க வேண்டிய சுவிட்சின் குறுக்கே ஒரு சிவப்புக் கம்பி. சோதனைக்கு மாட்டிவிட்டு உடனே கழற்ற வேண்டியது; அது இருக்கும்வரை சுவிட்ச் வேலை செய்யாது.

"எந்த முட்டாப்பய இதை விட்டுட்டுப் போனான்? வீடே எரிஞ்சிருக்குமே!"

"நவம்பர்ல நீதானே வந்தே ஆர்வில்? ஆப்பிள் கேக்கைத் தின்னுக்கிட்டே நோண்டினியே."

மாடியில் டோரீனின் பேரப்பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்டது. ஆர்வில் கம்பியைப் பிடுங்கினார்.

"டோரீன், உங்க போனைக் கொஞ்சம் தாங்க. நவம்பர்ல நான் போன எல்லா வீட்டுக்கும் பேசணும்."