முப்பது மீட்டர் அந்தரம்

தாரிங்காவுக்கு உயரம் என்றால் ஏன் பயப்பட வேண்டும் என்பதே விளங்கியதில்லை. பத்து வயதில் பள்ளிக்கூடக் கூரையிலிருந்து பனிச்சறுக்குக் கட்டையோடு குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். வீட்டில் செம அடி. மறுவாரமே திரும்பவும் குதித்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. கோடையில் ஸ்த்ருகா ஆற்றுப் பள்ளத்தின் குறுக்கே கட்டிய, கயிற்றில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைனில், அலறும் வெளியூர்க்காரர்களுக்கு இடுப்புப் பட்டை மாட்டி அந்தரத்தில் தள்ளி விடுவாள். மற்ற மாதங்களில் அதே பள்ளத்தின் மேல் வளர்ந்துகொண்டிருந்த பாலத்துக்குக் கிரேன் ஓட்டினாள். பாலம் இரு கரையிலிருந்தும் ஐந்தைந்து மீட்டராக நீண்டு வந்தது. நடுவில் தூண் கிடையாது. கீழே இருநூற்று முப்பது மீட்டரில் ஆறு.

அவள் புருஷன் வுக்சான் அக்கரைப் பக்கத்துக்கு மேஸ்திரி. சாலை வழியாகச் சுற்றி வந்தால் தொண்ணூறு கிலோமீட்டர் என்பதால், வாரம் முழுக்க அங்கேயே தகரக் கொட்டகையில் படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கரை நுனியில் கான்கிரீட் போட்டார்கள். இடைவெளி முப்பது மீட்டராகக் குறைந்தது. குளிரில் உறைந்துவிடாமல் அதைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே டீசல் ஹீட்டர்களை ஓடவிட்டார்கள். புதன்கிழமை பனிப்புயல் பிடித்தது. அக்கரைக்குப் போகும் ஷாப்லியாக் சாலை ஆள் உயரத்துக்கு மூடிக்கொண்டது. வர வேண்டிய டீசல் வண்டி வரவில்லை.

வியாழன் காலையில் வாக்கி டாக்கியில் வுக்சானின் குரல் கரகரத்தது.

"தாரிங்கா, இன்ஜினியர் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. என்னய்யா, குரலே சரியில்ல?"

"டீசல் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். ஹீட்டர் அணைஞ்சா போட்டதெல்லாம் போச்சு."

இன்ஜினியர் மிலுத்தின் தலைக்கவசத்தைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். உறைந்த கான்கிரீட்டில் பலம் ஏறாது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டே அதை உடைத்தெடுக்க வேண்டும். வசந்தத்தில் சேர வேண்டிய பாலம் அடுத்த குளிருக்குத் தள்ளிப்போகும்.

"கிரேனைத் திருப்பி டீசலை அங்க இறக்க முடியுமாம்மா?"

"இந்தக் காத்துலயா? கிரேனே ஆத்துக்குள்ள போயிடும் சார்." தாரிங்கா கையுறையைத் தட்டிப் பனியை உதறினாள். "நம்மகிட்ட டீசல் நிறைய இருக்கு. ஜிப்லைன் கயிறு, கப்பி எல்லாம் எங்க வீட்டுக் கொட்டகையிலதான் கிடக்கு. கேனைக் கட்டித் தொங்கவிட்டு அனுப்பலாம்."

"முதல் கயிறு எப்படி அந்தப் பக்கம் போகும்?"

வாக்கி டாக்கியில் வேறொரு குரல் குறுக்கிட்டது. அக்கரையில் கம்பி கட்டும் சாசிம்.

"அக்கா, திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன். எங்கிட்ட தூண்டில் இருக்கு."

"வேலை செய்யற இடத்துல தூண்டிலா?" என்றார் இன்ஜினியர்.

"ஞாயித்துக்கிழமைக்கு சார்."

காற்று அக்கரையிலிருந்து இக்கரைக்கு அடித்தது. சாசிம் ஈயக் குண்டைக் கட்டி வீசினான். முதல் வீச்சு பள்ளத்துக்குள் போனது. இரண்டாவது கம்பியில் சிக்கியது. மூன்றாவது இன்ஜினியரின் தலைக்கவசத்தில் ணங்கென்று விழுந்தது. தாரிங்கா பாய்ந்து தூண்டில் நரம்பைப் பிடித்தாள்.

"மீன் மாட்டிருச்சு!" என்று அக்கரையில் இருந்த பதினோரு பேரும் கூவினார்கள்.

நரம்பில் மெல்லிய கயிறு, அதில் தடித்த கயிறு என்று மதியத்துக்குள் இரண்டு கயிறுகள் குறுக்கே விறைத்து நின்றன. நிரப்பி வைத்த பன்னிரண்டு கேன்களை ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தார்கள். இங்கிருந்து தாரிங்கா கொக்கி மாட்டி விடுவாள், அங்கிருந்து அவர்கள் இழுப்பார்கள். ஏழு கேன்கள் போய்ச் சேர்ந்தன. எட்டாவது நட்டநடுவில் நின்றுவிட்டது. கயிற்றில் படிந்த பனி உறைந்து கப்பியைக் கவ்விக்கொண்டது. இழுத்தார்கள், உலுக்கினார்கள், ஏசினார்கள். அது நகரவில்லை. போய்ச் சேர்ந்த ஏழு கேன் மறுநாள் காலை வரைக்குமே போதும்; கான்கிரீட் இறுகவோ சனிக்கிழமை ஆகும்.

தாரிங்கா பட்டையை இடுப்பில் மாட்ட ஆரம்பித்தாள்.

"என்ன பண்றா அவ?" வாக்கி டாக்கியில் வுக்சான் அலறினான். "ஏய், வேணாம்! நீ வராத!"

"சரி, அப்ப நீ வா."

அக்கரையில் ஒருவன் சிரித்தான், உடனே எல்லோரும் சிரித்தார்கள். வுக்சான் எத்தனை உயரத்திலும் நிற்பான், ஆனால் காலுக்கடியில் கான்கிரீட் இருக்க வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் பெண்டாட்டியின் ஜிப்லைனில் ஒருமுறைகூட ஏறியவனில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் இது.

"சிரிக்கிறவன் எவன்டா? கயித்தைப் பிடிங்கடா!" என்றான் வுக்சான்.

இன்ஜினியர் கொக்கிகளை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பின்னால் இன்னொரு காப்புக் கயிறும் கட்டிய பிறகுதான் அவளைப் போகவிட்டார்.

ஓரத்தைத் தாண்டியதும் காற்று அவளைப் பம்பரமாகச் சுற்றிவிட்டது. ஆறு தெரியவில்லை, கரை தெரியவில்லை, எங்கும் வெள்ளை. இமைகள் ஒட்டிக்கொண்டன. சுத்தியல் பிடியால் கயிற்றுப் பனியைச் சுரண்டுவதும் கையால் ஒரு முழம் முன்னேறுவதுமாக ஊர்ந்தாள். விரல்கள் மரத்துப்போயின. ஆனால் மனசு லேசாக இருந்தது. எத்தனையோ பேரை இப்படித் தள்ளிவிட்டிருக்கிறோம், பாவம், அவர்கள் கத்தியதில் தப்பே இல்லை என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். கப்பியைத் தட்டித் தட்டி விடுவித்து, கேனைக் காலால் உதைத்து முன்னே தள்ளினாள்.

அக்கரை விளிம்பில் வுக்சான் அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். பிடித்த பிடியை விடவேயில்லை.

"பைத்தியமாடி உனக்கு?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். சாப்பிட என்ன இருக்கு?"

உருளைக்கிழங்கு சேர்த்துக் கிண்டிய சோளமாவுக் களி இருந்தது, கட்டி கட்டியாக. மேலே நிறைய பாலாடை போட்டுக் கொடுத்தார்கள். அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். அவள் சுரண்டிய கயிற்றில் மீதி நான்கு கேன்களும் தடையில்லாமல் வந்தன.

திரும்பிப் போக இன்ஜினியர் அனுமதிக்கவில்லை. சாலை திறக்கும்வரை இரண்டு நாள் அவள் அங்கேயே இருந்தாள். அடுப்போரக் கட்டிலை அவளுக்கு விட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து மாடும் வைக்கோலும் வேலையும் இல்லாமல் இரண்டு நாள் புருஷன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அப்போதுதான் என்று பின்னால் சொல்வாள்.

சனிக்கிழமை தார்ப்பாயை விலக்கி, வுக்சான் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். கணீரென்றது. மே மாதம் பாலத்தின் இரண்டு பாதிகளும் நடுவில் சேர்ந்தன. கம்பெனியிலிருந்து தாரிங்காவுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. பாதுகாப்பு விதிகளை மீறியதற்கு ஒன்றில் எச்சரிக்கை, வேலையைக் காப்பாற்றியதற்கு மற்றதில் பாராட்டு. இரண்டிலும் கையெழுத்து ஒருவருடையதுதான். இரண்டையும் வுக்சான் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

பாலம் திறந்த மறுநாள் அவள் அக்கரை ஊருக்கு நடந்தே போனாள். நல்ல முடிதிருத்தும் கடை அங்கேதான் இருந்தது. பன்னிரண்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாள். முடியை வெட்டி, சுருட்டி, அழகாக்கிக்கொண்டு திரும்பினாள். பாலத்தின் நடுவில் காற்று வந்து அத்தனையையும் கலைத்துப் போட்டது. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, கலைந்தது கலைந்தபடியே, கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.