லேபிள் இல்லாத நான்கு டம்ளர்

ஈஸ்வரபாண்டி வாரத்துக்கு ஒரு பாட்டில் பீர் குடிப்பார். ஒன்றுக்கு மேல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில், கம்பத்து வாடகை வீட்டின் மாடிப்படி நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பார். மோந்து பார்ப்பார். ஒரு வாய் குடித்துவிட்டு நோட்டில் எழுதுவார். அந்த ஒரு பாட்டிலைக் காலி செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

“பீரு குடிக்கிற மாதிரியா இருக்கு, பரீட்ச எழுதுற மாதிரி இருக்கு” என்பாள் அவர் மனைவி யுவராணி.

பழக்கம் அவருக்கு வேலையிலிருந்து வந்தது. 1996-ல், வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவருக்கு, சென்னைக்குப் போகிற வழியிலிருந்த ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. கோல்டன் டீர் என்ற பீர் அங்கேதான் தயாரானது. லேபிளில் துள்ளும் மான் இருக்கும் என்பதால் கடைகளில் அதற்குப் பெயர் ‘மான்’. அவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் ஆண்டிபட்டி அய்யாத்துரை. இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே சைக்கிளில் ஆலைக்குப் போனார்கள்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சம்பவம் நடந்தது. பாட்டிலில் அடைக்கத் தயாராக இருந்த ஒரு தொட்டியின் பீரை ஏழு பேர் சுவைத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்கள். எட்டாவதாக ஈஸ்வரபாண்டி குடித்தார். அடியில் லேசாகப் புளிப்பு ஓடுகிறது என்றார். மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இருந்தாலும் சோதனைக்கு அனுப்பினார். தொட்டியில் கிருமி ஏறியிருந்தது உறுதியானது. மறுநாள் மேலாளர் எல்லார் முன்னிலையிலும் அவர் தோளைத் தட்டி, “இந்த நாக்கை இன்ஷூர் பண்ணணும்யா” என்றார்.

அந்த வார்த்தை ஈஸ்வரபாண்டிக்குள் தங்கிவிட்டது. தன் நாக்கு பொய் சொல்லாது என்று அவர் அன்றிலிருந்து நம்பினார்.

2001-ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். கம்பத்தில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். திராட்சைத் தோட்டக்காரர்களும் வாழை போட்டவர்களும் மஞ்சள் பையில் மண் கொண்டு வருவார்கள். வாங்குகிற பெண் பையில் ஒரு எண்ணை மட்டும் ஒட்டி உள்ளே அனுப்புவாள். எந்த ஊர் மண், யாருடைய தோட்டம் என்பது சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது. அந்த ஒழுங்கில் ஈஸ்வரபாண்டிக்கு நிரம்பப் பிடித்தம். ஒருமுறை சொந்த மாமனாரே வந்து, “மாப்ள, நம்ம பைய முன்னாடி பாருங்க” என்று கேட்டபோதும், “எனக்கு நம்பர்தேன் தெரியும் மாமா” என்று சொல்லி அனுப்பியவர்.

2007-ல் கூடத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. தமிழில் தட்டச்சு செய்யலாம், சொந்தமாக வலைப்பூ ஆரம்பிக்கலாம் என்று அங்கே தெரிந்துகொண்டார். ‘ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில்’ என்று பெயர் வைத்து, ‘கம்பத்தான்’ என்ற பெயரில் எழுத ஆரம்பித்தார். வாரம் ஒரு பீர், பத்துக்கு எத்தனை மதிப்பெண், ஏன் என்று ஒரு பக்கம். எழுத்தில் ஒரு குறும்பு இருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் நம் ஆட்கள் படித்தார்கள். ஒரு வருடத்தில் முன்னூறு பேர் வழக்கமாக வந்துபோனார்கள்.

அதில் கோல்டன் டீருக்கு ஒன்பது. “களத்துமேட்டில் நிற்கிற வாசம்” என்று எழுதியிருந்தார். பச்சைப் பாட்டிலில் வரும், விலை கூடிய வான் ஹெல்மருக்கு எட்டு. சில்வர் பீக்குக்கு ஆறு. லாரி டிரைவர்கள் வாங்கிப் போகிற, லேபிள் கோணலாக ஒட்டியிருக்கும் த்ரீ ஆரோவுக்கு மூன்று. “நனைந்த சாக்கை மோந்த மாதிரி” என்று ஒரு வரியில் முடித்திருந்தார்.

2008 ஆவணியில் ‘வருசநாட்டான்’ என்ற பெயரில் ஒரு பின்னூட்டம் வந்தது.

“அண்ணே, ஒங்க பதிவ முதல்லருந்து படிச்சேன். மான் பீரப் பத்தி அஞ்சு வாட்டி எழுதிருக்கீக. அஞ்சு வாட்டியும் ஒம்போது. பீரு ஒரு மாசத்துக்கு ஒரு மாசம் மாறும், ஒங்க மார்க்கு மட்டும் மாறல. நீங்க பீரக் குடிக்கிறீகளா, லேபிளக் குடிக்கிறீகளா?”

ஈஸ்வரபாண்டிக்குக் காது சூடாகிவிட்டது. ஆலையில் தான் வேலை பார்த்ததையும் புளித்த தொட்டியைக் கண்டுபிடித்ததையும் நாற்பது வரி எழுதினார். அனுப்பாமல் அழித்தார். வீட்டுக்கு வந்து யுவராணியிடம் கொட்டினார்.

யுவராணி ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்தாள். முறத்தில் காயைப் பரப்பிப் பச்சையையும் பழுப்பையும் பிரிப்பதில் பன்னிரண்டு வருடப் பழக்கம். கணவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“எங்க கிட்டங்கிக்கு வர்ற ஏவாரிக மொதல்ல என்ன கேப்பாக தெரியுமா? எந்த எஸ்டேட்டுக் காயின்னுதேன். பேரக் கேட்டுப்புட்டுத்தேன் கையில அள்ளுவாக. பெரிய எஸ்டேட்டுன்னு சொன்னாப் போதும், மோக்குறதுக்கு முன்னாடியே மொகம் மலந்துரும். ஒருநா நாங்க தெரியாம மூடைய மாத்தி வச்சுட்டோம். இருபது வருசமா ஏவாரம் பண்ற மனுசன், சின்னத் தோட்டத்துக் காய மோந்துட்டு, ‘பெரிய எடத்துச் சரக்குன்னா தனிதாம்மா’ன்னு சொல்லிட்டுப் போறாரு. நாங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறோம்.”

“அவருக்கு மூக்கு சரியில்ல. எனக்கு நாக்கு சரியா இருக்கு.”

“அப்பப் பாத்துருவோம். நான் ஊத்தித் தாரேன். எதுல எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க மண்ணுக்குச் செய்யிறதத்தேன சொல்றேன்?”

ஏழு வருடமாக மண்ணுக்குச் செய்கிறதை பீருக்குச் செய்யவேண்டும் என்று ஒருநாள்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

அடுத்த ஞாயிறு நான்கு பீரும் ஒரே ஃபிரிட்ஜில், ஒரே தட்டில் குளிர்ந்தன. யுவராணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு எவர்சில்வர் டம்ளரில் கால் கால் ஊற்றினாள். ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் பெயர் எழுதிய சீட்டை மடித்து ஒட்டினாள். மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மீதி பீர் வீணாகக்கூடாதே என்று பக்கத்து வீட்டு டிராக்டர் மெக்கானிக் ஞானசிகாமணியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் குளித்து, திருநீறு பூசி, சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

ஈஸ்வரபாண்டி நிதானமாகக் குடித்தார். நடுவில் தண்ணீரால் வாய் கொப்பளித்தார். முதல் டம்ளருக்கு ஆறு போட்டார். இரண்டாவதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ‘தண்ணி. வாசமே இல்லை. கடைசியில் ஒரு வெறும் இனிப்பு’ என்று எழுதி நாலு போட்டார். மூன்றாவதில் கண்ணை மூடினார்.

“இதுதேன் மான். எந்த இருட்டுலயும் சொல்லுவேன்.” எட்டு போட்டார். நான்காவதற்கு ஆறு.

யுவராணி மூன்றாவது டம்ளரைக் கவிழ்த்துச் சீட்டைப் பிரித்தாள். த்ரீ ஆரோ.

ஈஸ்வரபாண்டி சீட்டை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பிறகு இரண்டாவது டம்ளரைத் தூக்கினார். கோல்டன் டீர்.

ஞானசிகாமணி மட்டும், “எல்லாமே நல்லாத்தானப்பா இருக்கு” என்றார்.

அன்று ஈஸ்வரபாண்டி சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சோதனையை வைத்து எதுவும் சொல்லக்கூடாது என்று தன்னையே தேற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் வரிசையை மாற்றி ஊற்றச் சொன்னார். மானுக்கு ஐந்து, பிறகு நாலு. த்ரீ ஆரோவுக்கு எட்டு, பிறகு ஏழு. பெயரெடுத்த வான் ஹெல்மர் மூன்று வாரமும் ஆறைத் தாண்டவில்லை. மூன்றாம் வாரம் ஞானசிகாமணி, “இன்னும் எத்தன வாரம் சோதிக்கணுமோ, தாராளமாச் சோதிங்க” என்றார்.

நாக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று வாரமும் ஒன்றையே சொன்னது. அதைக் கேட்கவிடாமல் குறுக்கே நின்றது தான்தான் என்று அவருக்குப் புரிந்தபோது, வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அந்த வாரம் எல்லாவற்றையும் எழுதினார். மானை ஆக்கிய ஆலையில் தான் ஐந்து வருடம் சம்பளம் வாங்கியதை இதுவரை வாசகரிடம் சொல்லாதது தப்பு என்று எழுதினார். பழைய மதிப்பெண்களை எல்லாம் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். “த்ரீ ஆரோவை நான் குடிப்பதற்கு முன்பே கோணல் லேபிளைப் பார்த்து மூன்று போட்டுவிட்டேன். மன்னிக்கவும்” என்று முடித்தார்.

சிங்கப்பூர் வாசகர் ஒருவர், ஒன்றரை வருடமாக இவர் பேச்சை நம்பி மான் குடித்ததாகக் கோபப்பட்டார். இன்னொருவர், த்ரீ ஆரோக்காரர்கள் எத்தனை பெட்டி அனுப்பினார்கள் என்று கேட்டார். ஐம்பது அறுபது பேர் வருவதை நிறுத்தினார்கள். அதெல்லாம் அவரை உறுத்தவில்லை. அய்யாத்துரை என்ன நினைப்பான் என்பதுதான் உறுத்தியது. ஒரே அறையில் தங்கிய அந்த நண்பர் இன்னும் அந்த ஆலையில்தான் இருந்தார்.

நாலாம் நாள் அய்யாத்துரை போன் செய்தார்.

“ஏலே பாண்டி, என்னடா எழுதி வச்சிருக்க? இங்கன ஒருத்தன் பிரிண்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டான்.”

“கோவமாடா?”

“கோவமா? நாலு வருசமா நீ ஒம்போது ஒம்போதுன்னு எழுதுறதப் பாத்து எனக்குத்தேன் சந்தேகம் வந்துருச்சு, நம்ம நாக்குதேன் செத்துப்போச்சோன்னு. ஆலை கைமாறுனது ஒனக்குத் தெரியும்ல? 2004-லயே பார்லி மால்ட்டக் கொறச்சு அரிசியக் கூட்டிட்டாக. பீரு தொட்டியில ஊறுற நாள் கணக்கையும் பாதியாக்கிட்டாக. நாம போட்ட பீரு அது இல்லடா.”

“நாலு வருசம்னு சொல்லாத. நான் எழுத ஆரம்பிச்சே ஒன்றர வருசந்தேன்.”

“குடிச்சது நாலு வருசம்ல?”

ஈஸ்வரபாண்டி போனைக் காதில் வைத்தபடியே சிரித்தார். மறுமுனையிலும் சிரிப்பு. ஆலை நாட்களுக்குப் பிறகு இருவரும் அன்றுதான் அரை மணி நேரம் பேசினார்கள்.

வருசநாட்டானிடமிருந்தும் மின்னஞ்சல் வந்தது. பெயர் ஜேசுராஜ், வருசநாட்டில் தபால் ஊழியர். கேலி செய்ததற்கு வருத்தம் தெரிவித்து, குடும்பத்தோடு தன் தென்னந்தோப்புக்கு வரும்படி அழைத்திருந்தார். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் ஈஸ்வரபாண்டியும் யுவராணியும் தேனியில் பஸ் மாறிப் போனார்கள். நான்கு பக்கமும் மலை, நடுவில் தோப்பு. ஜேசுராஜின் மனைவி முருகம்மாள் நாட்டுக்கோழி அடித்திருந்தாள்.

ஜேசுராஜ் வான் ஹெல்மர் பக்தர். துபாயிலிருந்த தம்பி அதைப் பற்றிச் சொன்னதிலிருந்து வேறெதையும் தொட்டதில்லை.

“நீங்களும் ஒரு வாட்டி உக்காருங்கண்ணே” என்றாள் யுவராணி.

“எனக்கெதுக்கும்மா? நான் மோந்தே சொல்லிருவேன்.”

பெண்கள் இருவரும் அதே நான்கு பீரையும் மோட்டார் ரூமுக்குள் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். ஜேசுராஜ் நான்கையும் குடித்தார். யோசித்து, திரும்ப ஒருமுறை குடித்து, ஒரு டம்ளரைத் தள்ளி வைத்தார். “இது ஆகாது.” இன்னொன்றை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். “லேசா, சுத்தமா, தொண்டைக்கு எதமா. இதுக்கு ஒம்போது போடலாம்.”

முருகம்மாள் சீட்டைப் பிரித்தாள். ஆகாது என்றது வான் ஹெல்மர். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது மான்.

ஈஸ்வரபாண்டி சிரித்த சிரிப்பில் ஸ்டூலிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. ஜேசுராஜ் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அண்ணே, இத நீங்க எழுதக்கூடாது” என்றார்.

“எழுதுவேன். ஒம்ம பேரோட எழுதுவேன்.”

கோழி ரசமும் குழம்புமாகச் சாப்பாடு முடிய மூன்று மணியாயிற்று. லேசான பீர் பிடித்தவனுக்கு இன்றைய மான் நல்ல பீர்தான் என்று ஈஸ்வரபாண்டி ஒத்துக்கொண்டார். தனக்குக் கனமானதுதான் பிடிக்கும், அதுவும் ஒரு சாய்வுதான் என்பதையும் இனி பதிவிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார். ஜேசுராஜ் அடுத்த மாதம் தன் தபால் நிலைய நண்பர்கள் இருவரையும் உட்கார வைப்பதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு வலைப்பூவில் எந்தப் பீரும் பெயரோடு சுவைக்கப்படவில்லை. யுவராணி ஊற்றுவாள், இவர் எண்ணுக்கு மதிப்பெண் போடுவார், அதன்பிறகே சீட்டுப் பிரியும். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். 2010-ல் வாசகர் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. சில ஞாயிறுகளில் சோதனை ஏதுமில்லாமல் அவர் ஒரு மான் வாங்கிவந்து குடிப்பதும் உண்டு. நாலைந்து மார்க் பீர் என்று தெரிந்தே, சந்தோஷமாகக் குடிப்பார்.

ஒருநாள் யுவராணி வேலை முடிந்து வருகிற வழியில் பிரவுசிங் சென்டருக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் அந்த வாரப் பதிவை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“எல்லாத்தயும் நீங்களே செஞ்ச மாதிரி எழுதிருக்கீக. ஊத்துனது யாரு?”

நியாயமாகப் பட்டது. பதிவின் அடியில் ஒரு வரி சேர்த்தார்: ‘ஊற்றியவர்: யுவரானி’.

அவள் குனிந்து திரையைப் படித்தாள். “மூணு சுழி ணி போடுங்க. பொண்டாட்டி பேரக்கூடப் பாத்து எழுத மாட்டீகளா?”

அவர் திருத்தினார். அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதிவை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.