தாய்மாமன் சீரில் வந்த ஷாக் அப்சார்பர்

காதுகுத்துச் சீராகக் காருக்கு ஷாக் அப்சார்பர் கொண்டுவந்த தாய்மாமன் தேனி மாவட்டத்திலேயே என் அண்ணன் ஒருத்தனாகத்தான் இருப்பான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகளுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டி, பந்தல் போட்டு, சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. மேளம் முன்னால் வர, அண்ணன் வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு வரிசையாக வந்தார்கள். பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுப்பாவாடை, கம்மல். அதுவரைக்கும் எல்லாம் சரி. கடைசியாக இரண்டு ஆட்கள் பெரிய தாம்பாளம் ஒன்றைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் சிவப்பு நிறத்தில் நான்கு ஷாக் அப்சார்பர், பக்கத்தில் தடித்தடியாகச் சுருள் கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். ஒன்றின் கழுத்தில் மல்லிகைச் சரம் வேறு.

சனம் வாயைப் பிளந்தது. அண்ணன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"எல்லாரும் பீரோ குடுப்பாக, கட்டில் குடுப்பாக. எந்தங்கச்சி எங்க அம்மாவ வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல ஆஸ்பத்திரிக்கு அலையிறா. எங்க அம்மா அலுங்காமக் குலுங்காமப் போகணும். அதுக்குத்தேன் இந்தச் சீரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள், "மகன்னா இப்படில்ல இருக்கணும்" என்றார்கள். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி இரண்டு வார்த்தை பேச வேண்டும் போல இருந்தது. பேசவில்லை.

பேசியிருந்தால் இதைத்தான் பேசியிருப்பேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் தேனிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி, அல்லிநகரத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஆனால் அம்மா இருப்பது கடமலைக்குண்டில், என் வீட்டில். ஏனென்றால் அண்ணன் வீடு மாடி. அம்மாவால் படியேற முடியாதாம். கீழ் வீடு அவனுடையதுதான், வாடகைக்கு விட்டிருக்கிறான். குடியிருப்பவர்களைக் காலி பண்ணச் சொல்ல மனசு வரவில்லையாம். அவ்வளவு இளகிய மனசு.

என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். வண்டியை ஓட்டுவது நான். வாங்கும்போதே பழைய வண்டி, ஆனால் சத்தம் போடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குப் புது ஷாக் வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அண்ணன் ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டாளிகளோடு மேகமலைக்கு வண்டியை விரட்டுகிறவன். வண்டி உயரமாக, கெத்தாக நிற்க வேண்டும் அவனுக்கு. தன் வண்டிக்கு என்ன ஆசைப்பட்டானோ அதையே அம்மா பெயரைச் சொல்லி என் வண்டிக்கு வாங்கியிருந்தான். கம்பெனி சாமான்கூட இல்லை, வெளியே தயாரித்து எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற சாமான்.

மறுநாள் தேனியில் அண்ணனுக்குப் பழக்கமான ஒர்க் ஷாப்பில் மாட்டினார்கள். மாட்டுவதற்கு நல்ல நேரம் வேறு பார்த்திருந்தான். ராகுகாலம் தொடங்குவதற்குள் வண்டி தரையில் இறங்கி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியாக வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று மெக்கானிக்கின் தலைமாட்டிலேயே நின்றான். ஏதோ ஒரு வாஷரைத் தேடி அந்தத் தம்பி அலமாரியை உருட்டியதும், அண்ணன் மணியைப் பார்த்ததும், இருக்கிற ஒன்றைப் போட்டு இறுக்கியதும் என் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. பழைய ஷாக்குகளையும் சுருள் கம்பிகளையும் சாக்கில் கட்டி நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

வண்டி ஒட்டகம் மாதிரி உயர்ந்து நின்றது. அம்மா ஏறுவதற்கு முக்காலி போட வேண்டியதாயிற்று. முதல் பயணத்தில் கண்டமனூர் தாண்டவில்லை, முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே 'கடக்' என்றது. அடுத்த பள்ளத்தில் 'கடக் கடக்'. பிறகு தேனி போய்ச் சேரும்வரை யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்த மாதிரிதான்.

ஒர்க் ஷாப்புக்குப் போனேன்.

"புதுச் சாமான்க்கா. செட் ஆகணும்ல. கொஞ்சம் ஓடட்டும்" என்றார் மெக்கானிக்.

ஓடியது. செட் ஆகவில்லை. மறுபடி போனேன். இந்தத் தடவை லிங்க் ராடு என்றார், மாற்றினார். சத்தம் போகவில்லை. பிறகு ஸ்டெபிலைசர் புஷ். பிறகு கீழே இருக்கிற ஆர்ம். ஒவ்வொரு தடவையும் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அந்தச் சிவப்புச் சனியனைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார்கள், மாற்றினார்கள், கிரீஸ் அடித்தார்கள். அதை மட்டும் தொடவில்லை. அதன் மேலிருந்த குங்குமம்கூட அழியவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"செட் ஆகணும்ல. அதுவரைக்கும் பாட்டக் கொஞ்சம் சத்தமா வச்சுக்க. ஒண்ணும் கேக்காது" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

சரி, இதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுவோம் என்று வீட்டில் வாயைத் திறந்தேன். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"சீராக் குடுத்ததக் கழட்டுவியா? நாளைக்கு ஊருக்குள்ள அவன் எப்பிடித் தல நிமிந்து நடப்பான்? ஒனக்குப் பொறந்த வீடு வேணுமா வேணாமா?"

"பொறந்த வீடே இங்கனதான உக்காந்துருக்கு. அத ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுதேன் எம்பொழப்பா இருக்கு."

"ஒனக்கு வாய் நீளம்டி" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு வண்டியில் ஏறினால் அம்மா பேசிக்கொண்டே வருவாள். பள்ளம் வரும் இடமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சரியாக அந்த இடத்தில் குரலை உயர்த்தி, தக்காளி விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, எதையாவது எடுத்துவிடுவாள். அடிக்கிற சத்தம் என் காதில் விழக் கூடாதாம். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும். பெற்ற பிள்ளைக்கு வக்காலத்து வாங்குவதற்கு நோயும் தடையில்லை போல.

பிறகு ஒருநாள், "இன்னைக்கு வேணாம்டி, ஒடம்பு நல்லாத்தேன் இருக்கு" என்றாள். சரி, அசதி என்று விட்டேன். அடுத்த வாரமும் ஒருநாள் அதே பேச்சு. பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு வாங்கியது. மறுமுறை இழுத்துக்கொண்டு போனபோது டாக்டர் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னார். "இப்பிடி விட்டு விட்டு வந்தாக்க நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ஒரு தடவ தவறுனாலும் உயிருக்கு ஆபத்து. கூட்டிட்டு வர முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்க."

கூட்டிக்கொண்டு வர முடியாதவள் நான். சுருக்கென்றது. மைக்கில் பேசியவன் நல்ல மகன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் புடவை மாற்றிவிட்டபோதுதான் பார்த்தேன். இடுப்பு எலும்பு மேட்டில், கதவோடு சாய்ந்து உட்காருகிற பக்கத்தில், தோல் கன்றிக் கறுத்திருந்தது.

"என்ன இது?"

"அடுப்பங்கரையில இடிச்சுக்கிட்டேன்."

"அடுப்பங்கரைக்கு நீ எப்பப் போன?"

புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்த முரட்டுச் சுருள் கம்பி ஒவ்வொரு பள்ளத்திலும் அவளைத் தூக்கித் தூக்கிக் கதவில் அடித்திருக்கிறது. அதைச் சொன்னால் சீரைக் குறை சொன்னதாகிவிடும். அதனால் ஆஸ்பத்திரிக்கே வேண்டாம் என்றிருக்கிறாள். மகன் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று இவள் சாகக்கூடத் தயார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பானட்டைத் திறந்தேன். முன் ஷாக்கின் தண்டு மேலே வந்து முடிகிற இடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் வட்டமாகத் தெரியும். நடுவில் ஒரு நட்டு. அதன் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வலது கையால் மட்கார்டை என் எடை முழுவதும் கொடுத்து அமுக்கி விட்டேன். கைக்குள் 'டொக்' என்று ஒரு இடி. மறுபடி அமுக்கினேன். மறுபடி இடி. வலதுபக்கம் போய்ச் செய்து பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. இவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு கை போதும். இத்தனை பேர் இத்தனை நாளாக வண்டிக்கு அடியில் படுத்து எதைத் தேடினார்கள்?

நேரே ஒர்க் ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்கின் கையைப் பிடித்து அந்த நட்டின் மேல் வைத்து, நானே வண்டியை அமுக்கினேன்.

"தெரியுதா தம்பி?"

கையை எடுத்துத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்லயே தெரியும்க்கா" என்றார்.

"தெரிஞ்சுமா இத்தன நாளா?" என்றேன்.

"தண்டு சின்னது, மேல உள்ள ஓட்ட பெருசு. ஒங்க வண்டிக்கு உள்ளதே இல்ல இது. அன்னைக்கு நல்ல நேரம் முடியப் போகுதுன்னு அண்ணே அவசரப்படுத்துனாக. ஒரு வாஷரப் போட்டு இறுக்கிட்டேன். அது நசுங்கிப்போச்சு."

"அப்ப லிங்க் ராடு எதுக்கு மாத்துன? புஷ் எதுக்கு மாத்துன? ஆர்ம் எதுக்கு மாத்துன?"

"சீர்ச் சாமான எப்பிடிக்கா தப்புன்னு சொல்றது? அண்ணே சங்கடப்படுவாக. அதுலயும் பொட்டு வச்சு வந்தது. வேற எதாச்சும் மாத்தி நின்னுட்டா நல்லதுன்னு பாத்தேன்."

நல்லாக் கேட்டுக்கொள்ளுங்கள். சங்கடப்படுவாராம். ஒரு மனுஷி இடுப்பில் ரத்தம் கட்டி, டயாலிசிஸைத் தவறவிட்டு மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறாள். இங்கே ஒருத்தர் சங்கடப்படக் கூடாது என்று ஊரே சேர்ந்து வண்டியில் நல்லா இருந்த சாமானை எல்லாம் கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறது. அந்தத் தம்பியை அங்கேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். பக்கத்து டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பழைய ஷாக் சாக்கோடு டிக்கியில்தான் இருந்தது. நான் கிளம்பும்போதே எடுத்துப் போட்டிருந்தேன். "மாட்டு. நல்ல நேரமெல்லாம் பாக்காத. நிதானமா மாட்டு" என்றேன். நான்கையும் மாற்றி முடிக்கும்வரை அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது கண்டமனூர்ப் பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். வண்டி மெத்தென்று அமுங்கி எழுந்தது. சத்தம் என்று எதுவுமே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த நாள் டயாலிசிஸ். முக்காலியை எடுக்காமல் கதவைத் திறந்துவிட்டேன். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"வண்டி ஏன்டி எறங்கி நிக்கிது?"

"கழட்டிட்டேன்."

அவள் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டாள். வீங்கிய காலை இழுத்து இழுத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். வருஷநாட்டிலிருந்து தேனி போகிற பேருந்து வந்தது. கூட்டம். யாரோ கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். "அம்மா, ஏறும்மா, இந்தா வண்டி இருக்கும்மா" என்று நான் கெஞ்சியதை ஊரே கேட்டது. பேருந்து கிளம்பியது. சத்தமே போடாத என் வண்டியை ஓட்டிக்கொண்டு, அதன் புகையைக் குடித்துக்கொண்டு, தேனிவரை பின்னாலேயே போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பேருந்து குதித்ததை எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தபோது அவளால் நிற்க முடியவில்லை. நான் தாங்கிக் கொண்டுவந்து பின் சீட்டில் படுக்க வைத்தேன். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. ஊரைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளங்கள் வந்தன, போயின. அவள் எழுந்திருக்கவில்லை. பேச்சுக் கொடுக்கவும் இல்லை. பேச்சுக் கொடுத்து மறைக்க அங்கே சத்தம் இல்லையே. எவ்வளவோ நாளைக்குப் பிறகு என் அம்மா அந்த ரோட்டில் தூங்கினாள்.

கண்டமனூர் வந்தபோது அவள் போன் அடித்தது. அண்ணன். அம்மா விழித்து, தடவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"போயிட்டு வந்தாச்சாம்மா? வண்டியில சத்தம் வருதுன்னாளே, இப்ப எப்பிடி இருக்கு?"

"சத்தமே இல்லய்யா. மெத்தையில படுத்த மாதிரி இருக்கு. ஒன் புண்ணியம்."

"நான்தேன் அன்னைக்கே சொன்னேன்ல, செட் ஆகணும்னு" என்றான் அவன்.

இனிப் பொறுக்க முடியாது என்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து கை நீண்டு போனை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. ஊசி ஏற்றிய கை. கட்டுப் போட்டிருந்தது.

"நீயும் ஒரு வார்த்த சொல்லு ஆத்தா" என்றாள் அம்மா.

"நல்லாப் போகுதுண்ணே" என்றேன்.