மாமாவின் பெயரும் நட்சத்திரமும்

2009ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டென்மார்க்கில், நாங்கள் இருந்த சில்க்போர்க்கிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பெனடிக்டைன் துறவிமடத்தின் தேவாலயம் வரும். அங்கே அன்று அம்மா இருந்தார், அப்பா இருந்தார், என் சரித்திர ஆசிரியர் இருந்தார், ஊர்க்காரர் இருபது பேர் இருந்தார்கள். மாமா மட்டும் இல்லை. அம்மாவின் ஒரே தம்பி. இலங்கையில், வன்னியில், கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். பங்குனிக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான்தான். உயர்தரப் பள்ளிக்கூடமான கிம்னாசியத்தில் அந்த மடத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, ஆகக் கூடிய புள்ளியான பன்னிரண்டை வாங்கியிருந்தேன். அதைக் கேள்விப்பட்டு, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார். அம்மா கூறைச்சேலை உடுத்திக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அப்போதே காது சுட்டது.

கறுப்பு அங்கி போட்ட துறவிகள், அவர்களின் மணிக்கணக்குத் தவறாத செபம், பிறகு ராசா மடத்தை மூடியது, கல்லுகளைக் கழற்றி வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோனது, கோயில் மட்டும் தப்பியது என்று டெனிஷில் சொல்லி முடித்தேன். எல்லோரும் கோப்பிக்கு எழும்பியபோது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் சுருக்கிச் சொன்னேன். துறவிகளிடம் ஒரு புத்தகம் இருந்ததாம், இறந்தவர்களின் பெயரை இறந்த திகதியில் எழுதி வைத்து, வருடா வருடம் அதே நாளில் உரத்து வாசிப்பார்களாம் என்றதும் அம்மா என் கையைப் பிடித்தார்.

"இப்பவும் வாசிக்கினமோ?"

"இல்லையம்மா. சாமிமார் போய் ஐந்நூறு வருசமாகப் போகுது."

"ஒருக்கால் கேட்டுப் பாரன், தம்பி. மாமான்ர பேரை வாசிச்சால் காணும். செத்த ஆள் எண்டு சொல்லாதை. எங்கையெண்டு தெரியாத ஆள் எண்டு சொல்லு."

அப்பா சிரித்தார். "சைவக்காரி வேதக் கோயிலிலை அருச்சனைக்குக் குடுக்கிறா! பேசாமல் இரும், பெடியன்ர மானம் போகுது."

அம்மா கேட்கவில்லை. கடைப் பற்றுச்சீட்டுத் துண்டொன்றின் பின்பக்கத்தில் மாமாவின் பெயரையும், 'பூராடம்' என்று நட்சத்திரத்தையும் எழுதி என்னிடம் நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் எங்களிடம் வந்தார். பக்கத்தில் என் ஆசிரியர். "உன் அம்மா என்ன கேட்கிறார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

கட்டடம் எவ்வளவு பழையது என்று கேட்கிறார் என்றேன். துண்டு என் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அந்த மனிசி அம்மாவின் முகத்தைப் பார்த்தே, பொறுமையாக, சுவரைத் தொட்டுக் காட்டி, ஐந்து நிமிடம் விளக்கினார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, கடைசியில் கைகூப்பினார்.

"என்னவாம்?"

"அப்பிடி வாசிக்கிற வழக்கம் இல்லையாம்."

"அதுக்கே இவ்வளவு நேரம் கதைச்சவ?"

"விளக்கமாச் சொன்னவ."

அடுத்த இரண்டு கிழமைக்குள் சண்டை முடிந்தது. ஆடியில், முகாமிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார்: மாமா செல்லடியில் போய்விட்டார், சித்திரைக் கடைசியிலோ வைகாசித் தொடக்கத்திலோ, நாள் தெரியாது. நாள் தெரியாமல் திதி எப்படிக் கணிப்பது என்று ஐயர் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை.

"அந்தக் கோயிலுக்குப் போன நாளையே வைப்பம். அண்டைக்குத்தான் அவன்ர பேரை எழுதிக் குடுத்தனான்."

 துண்டு என் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

முதலாம் ஆண்டுத் திதிக்கு முதல் நாள்தான், அன்று அந்தப் பெண்ணிடம் கேட்கவே இல்லை என்று வாய் திறந்தேன். அம்மா ஏசுவார் என்று நினைத்தேன். துண்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வருசமா நான் அந்த மனிசியோட மனசுக்குள்ள கோவம். பாவம் அது."

அடுத்த ஞாயிறு மூவரும் போனோம். இந்த முறை அம்மா சொன்னதை, சொன்னபடியே டெனிஷில் சொன்னேன். அந்தப் பெண் துண்டை வாங்கி, தமிழுக்குக் கீழே டெனிஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு, மாமாவின் பெயரை என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். பிறகு முன்னுக்குப் போய் நின்று உரத்து வாசித்தார். இரண்டு இடத்தில் தடக்கினார். பூராடத்தையும் விடாமல் வாசித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா மெழுகுதிரி ஒன்று எடுத்துக் கொளுத்தி வைத்தார்.

இப்போதும் யாராவது என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், வாய் திறக்க முதல் அந்தக் குளிர்ந்த கல்லில் நின்ற வெறுங்கால்கள் நினைவுக்கு வரும். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு வருடம் நான் அம்மாவுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேனே, அதைக் கொடுக்க ஆன செலவு அவ்வளவுதான்: அந்தப் பெண்ணின் இரண்டு நிமிடமும், மெழுகுதிரிப் பெட்டிக்குள் அம்மா போட்ட பத்துக் குரோணரும்.